சம்மனசின் தாடை

வாயைத் திறந்து வைத்திருப்பவனால் பதில் பேச முடியாது. அந்தப் பல் டாக்டரம்மா தன் தொழிலில் கண்ட மிகப் பெரிய வசதி இதுதான் என்று எனக்குத் தோன்றும். ஆளை நாற்காலியில் சாய்த்து, கன்னத்தைச் சிறு கண்ணாடியால் ஒதுக்கி, விளக்கை இழுத்து முகத்துக்கு நேரே வைத்துவிட்டுத்தான் திட்டத் தொடங்குவார். சொத்தைப் பல்லில் புகையிலை வைத்தவன், கிராம்புத் தைலத்தை ஊற்றி ஈறைப் புண்ணாக்கியவன், வலி நின்றதும் வராமல் இருந்துவிட்டு அடுத்த வருஷம் முகம் வீங்கி வந்தவன் எல்லோருக்கும் தனித்தனிப் பாட்டு உண்டு. அவர்கள் "ஆ, ஆ" என்பார்கள். "என்னலே ஆ? இப்ப ஆன்னு என்ன பிரயோசனம்?" என்பார்.

எழுபதுகளின் முதல் பாதி அது. புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு நாளிதழின் தூத்துக்குடி நிருபர். பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில், தோணிகளுக்குக் கயிறும் பாய்த்துணியும் விற்கிற கடையின் மாடியில் ஒற்றை அறைதான் எங்கள் அலுவலகம். அதே மாடியில், அதே படிக்கட்டில், அடுத்த வாசல் அவருடைய ஆஸ்பத்திரி. நடுவில் செங்கல் சுவர் இருந்தது. அவருடைய குரலுக்கு அது ஒரு தடையே இல்லை.

நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கும் நாற்காலி இருந்த அறைக்கும் நடுவே கதவு கிடையாது. இருந்த கதவைக் கழற்றி மொட்டைமாடியில் போட்டுவிட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "ஒருத்தனுக்குச் சொல்லுதது பத்துப் பேரு காதுல விழட்டும். எனக்குத் தொண்டை மிச்சம்" என்றார். அந்தக் கதவில்லாத வாசலைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

டாக்டரம்மா தெற்கே நாசரேத் என்ற ஊர்க்காரர். குட்டையான உருவம், ஆண்பிள்ளையின் மணிக்கட்டு, பருத்திச் சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூ. மின்சாரம் நின்றுபோனால் காலால் மிதிக்கிற பழைய டிரில்லை இழுத்துக்கொள்வார். மிதித்துக்கொண்டே திட்டுவார், மின்வாரியத்தையும் சேர்த்து. என் மேஜையில் கிடக்கும் பத்திரிகையை எடுத்தால் செய்தி படிக்க மாட்டார், படங்களில் உள்ள தலைவர்களின் வாயைத்தான் பார்ப்பார். "இவருக்கு மேல்செட்டு பொருந்தல. அதான் பேசும்போது பெருமூச்சு விடுதாரு. பத்திரிகைக்காரங்க நீங்க எல்லாம் உருக்கம்னு எழுதுதிய" என்பார்.

அவருடைய கோபத்தில் ஒரு விதி இருந்தது. பெரியவர்கள் யாராக இருந்தாலும் தன் நாற்காலிக்கு வந்தவர் 'நீ'தான். உப்பள முதலாளி, கஸ்டம்ஸ் அதிகாரி, கோயில் கமிட்டித் தலைவர், வித்தியாசம் கிடையாது. குழந்தைகளுக்கு மட்டும் 'நீங்க'. நான்கு வயதுப் பையனிடம், "வாங்க, உக்காருங்க, எந்தப் பல்லு உங்களைத் தொந்தரவு பண்ணுது?" என்று விசாரிப்பார். அவனைக் கூட்டி வந்த தகப்பனை, "நீ அங்கன போயி நில்லு, மூச்சு விடாத" என்பார். ஒருமுறை உப்பள முதலாளி ஒருவர் தங்கப் பல் கட்ட வந்தார். நாற்காலியில் ஓர் உப்பளக் கூலியின் மகள் இருந்தாள். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தங்கம் துருப்பிடிக்காது, காத்திரு" என்றார் டாக்டரம்மா. முதலாளி காத்திருந்தார். அவருக்குப் பல் கட்ட அந்த ஊரில் வேறு நல்ல கை இல்லை.

கை நல்ல கைதான். சங்கு குளிப்பவன் ஒருவனுக்குத் தண்ணீருக்குள் ஆழத்தில் போனால் பல் உயிர்போக வலிக்கும், மேலே வந்தால் ஒன்றும் இராது. கடலில் ஏதோ பிடித்துக்கொண்டது என்று மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். டாக்டரம்மா கயிற்றைக் கத்தரியால் வெட்டிப்போட்டுவிட்டு, யாரோ அடைத்திருந்த பழைய பல்லைத் தோண்டினார். அடைப்புக்குக் கீழே காலியிடம் இருந்தது. அதில் அடைபட்ட காற்றுதான் ஆழத்தில் வலியைக் கிளப்பியது. திரும்ப அடைத்து அனுப்பினார். பல்லை அடைத்தவன், கயிறு கட்டியவன், வலியோடு அவனை இறக்கிய காண்டிராக்டர் மூவருக்கும் அன்று முழுவதும் அர்ச்சனை நடந்தது. மூவரில் ஒருவரும் அங்கே இல்லை.

இனி அந்தப் பிள்ளையின் கதை.

ஒரு முற்பகல் புன்னைக்காயலிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கொழும்புக்குப் போகும் தோணி ஒன்றின் தண்டல், அதாவது தோணியை நடத்துகிற தலைவன். பெரிய ஆகிருதி, பெட்டி போன்ற தாடை. அவனுடைய தங்கை, இருபது வயதைத் தாண்டியவள். அவள் இடுப்பில் அவனுடைய மகள். பிள்ளைக்கு நான்கு, நான்கரை வயது இருக்கும். பெற்றவள் பிரசவத்தோடு போய்விட்டதால் அத்தைதான் வளர்த்தாள். சேலைத் தலைப்பால் பிள்ளையின் முகத்தை மூடியே படியேறினாள். என் வாசலைக் கடக்கும்போது துணி விலகியது.

இரண்டு கன்னங்களும் கீழே, தாடை ஓரமாக, ஒரே அளவில் உப்பியிருந்தன. கீழ் இமைகள் இழுபட்டுக் கருவிழிக்கு அடியில் வெள்ளை தெரிந்தது. பிள்ளை எப்போதும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது போலிருந்தது.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியாகிவிட்டது, எலும்பில் கட்டி என்று சொல்லித் தாடையை வெட்டி எடுக்கத் தேதி குறித்துவிட்டார்கள் என்றான் தண்டல். ஆடுகிற பற்களை முன்னாலேயே எடுத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்குத்தான் வந்திருந்தான்.

"நீங்க பல்லை மட்டும் எடுத்துத் தாங்க, போதும்."

"போதுமா போதாதான்னு நான் சொல்லுதேன். நீ தள்ளி நில்லு." பிறகு பிள்ளையிடம், "வணக்கம். நான் ஒண்ணையும் பிடுங்க மாட்டேன். கன்னத்தைத் தொட்டுப் பாக்கலாமா? வேண்டாம்னா வேண்டாம்."

பிள்ளை தொடச் சம்மதித்தது. டாக்டரம்மா இரண்டு பக்கமும் விரல் வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டியது. தண்டலிடமிருந்த எக்ஸ்ரேயை வாங்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் பேனாவைக் கீழே வைத்தேன். அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் கேட்டதில்லை. எழுந்து அவருடைய காத்திருக்கும் அறைக்குப் போய் நின்றேன்.

மெட்ராஸில் படிக்கும்போது இப்படி ஒரே ஒரு பிள்ளையைப் பார்த்திருக்கிறார் என்று பின்னால் சொன்னார். அபூர்வமான நோய். இரண்டு மூன்று வயதில் தாடை எலும்பு இரு பக்கமும் உள்ளே சோப்பு நுரை போலக் குமிழ்விட்டுப் பெருக்கத் தொடங்கும். சில வருஷம் வளரும். பிள்ளை பெரியவளாகும் வயதில் தானாக நிற்கும், பிறகு வற்றும். உயிருக்கு ஆபத்தில்லை. பெரும்பாலும் செய்யவேண்டிய வைத்தியம் வெட்டாமல் இருப்பதும், வருஷாவருஷம் பார்த்துக்கொண்டிருப்பதும்தான். வெள்ளைக்காரர்கள் இதற்கு வேதாகமத்துக் கேருபீன்களின், அதாவது படங்களில் உப்பிய கன்னத்தோடு மேலே பார்க்கிற குழந்தை வானதூதர்களின், பெயரை வைத்திருக்கிறார்கள். ஆனால் எக்ஸ்ரேயை மட்டும் வைத்து உறுதி சொல்ல முடியாது. வேறு கட்டிகளும் இப்படித் தெரியலாம். இந்த நோய் குடும்பத்தில் வருவது. அப்பனுக்கோ ஆத்தாளுக்கோ சின்ன வயதில் இருந்தது என்று தெரிந்தால் பாதி சந்தேகம் தீரும்.

அதனால் கேட்டார். "உங்க குடும்பத்துல யாருக்காவது சின்னதுல இப்படிக் கன்னம் வீங்கி, பெறகு தானா வத்திருக்கா?"

"கெடையாது."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்ன இருக்கு? எங்க வம்சத்துல அப்படி ஒரு நோக்காடு கெடையாது."

"மதுரைலயும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. இதையேதான் சொன்னேன்."

தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாளுக்கும் திருமணம், தடை இருந்தால் தெரிவிக்கலாம் என்று மாதா கோயிலில் மூன்று வாரம் அறிவிப்பார்களே, அந்த ஓலை. மூன்றாவது மட்டும் பாக்கி. இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது.

அந்த நேரம் பார்த்து ஒருவன் ஒரு கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு படியேறி வந்தான். அவனும் புன்னைக்காயல், அதே தோணிக்காரன், பல்வலி. காத்திருக்கும் அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வாசல் வழியாகத் தண்டலைப் பார்த்துவிட்டு அவன் சத்தமாகக் கூப்பிட்டான்:

"ஏலே சம்மனசு, நீ இங்கனயா கெடக்க? அங்க சாமான் ஏத்தாம ஆளுவ நிக்கானுவ."

சம்மனசு என்றால் கடற்கரைக் கத்தோலிக்கர் பேச்சில் வானதூதன். அந்த ஆகிருதிக்கு அந்தப் பெயரா என்று அறையில் சிரிப்பு எழுந்தது. டாக்டரம்மா கையில் எக்ஸ்ரேயோடு வாசலுக்கு வந்தார்.

"அவனை என்னன்னு கூப்பிட்ட?"

"சம்மனசுன்னு. ஊர்ல அவனுக்கு அதாம்மா பேரு."

"ஏன்?"

கேட்க ஆள் கிடைத்ததில் அவனுக்குப் பல்வலி மறந்துபோனது. "திருவிழாச் சப்பரத்துல மாதாவுக்கு ரெண்டு பக்கமும் சின்னப் பிள்ளையளுக்கு றெக்கை கட்டி நிப்பாட்டுவாங்கல்லா. எல்லாப் பிள்ளையளும் ஒரு வருசம் நிக்கும், பெறகு வேற பிள்ளை. இவன் மட்டும் அஞ்சாறு வருசம் நின்னான். வேற ஆளையே தேட மாட்டாங்க. கன்னம் ரெண்டும் பன் ரொட்டி மாதிரி இருக்கும், கண்ணு எந்நேரமும் மேல பாக்கும். கோயில் சாமியாரே சொல்லுவாரு, இவன் பொறந்ததே சம்மனசாத்தான்னு. இப்ப மூஞ்சியப் பாருங்க."

மறுபடி சிரித்தார்கள். தண்டல் சிரிக்கவில்லை. டாக்டரம்மா அவனுடைய தாடையைப் பார்த்தார். அப்புறம் பிள்ளையைப் பார்த்தார்.

அடுத்து நடந்ததை அந்தத் தெருவே கேட்டது.

"கூறுகெட்ட மூதி. கேட்டேன்லா? யோசிச்சுச் சொல்லுன்னு கேட்டேன்லா? உனக்கு வந்த நோயிதான் உன் பிள்ளைக்கும் வந்திருக்கு. உனக்குத் தானா வத்திப் போயி நீ மீசைய முறுக்கிட்டு நிக்க. இதுக்கும் வத்தும். அதைச் சொல்லுததுக்கு வாய் வரல உனக்கு. உன் வாயைக் காப்பாத்திக்கிட இந்தப் பிள்ளை வாயை வெட்டக் குடுக்கியா? இது கட்டி இல்லலே. உங்க வம்சத்துல ஓடுத நோய். உன் ரத்தம்."

தண்டல் கையை ஓங்கவில்லை. அவன் அறையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். பெஞ்சின் ஓரத்தில் ஆறுமுகநேரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவன் பார்வை அங்கே நின்றது.

"கட்டின்னா வெட்டி எறிஞ்சாத் தீந்துது டாக்டரம்மா," என்றான். "ரத்தம்னா என் தங்கச்சிய எவன் எடுப்பான்? என் பிள்ளைய வளத்து அவ வயசு போயிட்டு. அது கட்டிதான். மதுரைல வெட்டிருவாங்க. வெட்டி எடுத்தாச்சுன்னு ஊருக்குத் தெரியட்டும்."

எக்ஸ்ரேயைப் பிடுங்கிக்கொண்டு, தங்கையையும் பிள்ளையையும் தள்ளிக்கொண்டு இறங்கிப் போனான். பிள்ளை அத்தையின் தோளுக்கு மேலாக, மேலே பார்த்தபடியே போனது.

டாக்டரம்மாவின் ஊகம் சரி. அதை அவர் கண்டுபிடித்த விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கதவில்லாத வாசலில் நின்று அதைக் கத்தியதால், பிள்ளையின் தாடையை வெட்டியே தீரவேண்டிய காரணத்தையும் அந்தத் தகப்பன் கையில் அவரே கொடுத்தார். மதுரை டாக்டரையும் குறை சொல்ல வழியில்லை. அவர் கேட்டார், இல்லை என்று பதில் வந்தது.

மாப்பிள்ளை ஆறுமுகநேரியில் உப்பள மேஸ்திரி. சேதி அந்த வாரமே அங்கே போய்ச் சேர்ந்தது. மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. டாக்டரம்மா மதுரைக்குக் கடிதம் எழுதினார், பதிலில்லை. பஸ் ஏறிப் புன்னைக்காயலுக்குப் போனார். தண்டல் கதவைத் திறக்கவில்லை. வெளியே மணலில் நின்று மூடிய கதவைத் திட்டிவிட்டு வந்தார் என்று அங்கிருந்து சேதி அனுப்பும் ஆள் எனக்குச் சொன்னார். திரும்பி வந்தவர் அன்று நோயாளிகளைப் பார்க்கவில்லை. நாற்காலியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் காலை தங்கை வந்தாள். பிள்ளையை இடுப்பிலும் எக்ஸ்ரே உறையைக் கையிலும் வைத்துக்கொண்டு தனியாக வந்திருந்தாள். அண்ணன் தோணியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். மாலை வண்டிக்குத்தான் கிளம்புவதாக இருந்தார்கள். காத்திருக்கும் அறையில் ஆட்கள் இருந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராக நாற்காலி அறை வாசலில் போய் நின்றாள்.

"ஏளா, உள்ள வா" என்றார் டாக்டரம்மா.

"வரல. இங்கன நின்னே பேசுதேன். நீங்க அன்னைக்கு இங்கன நின்னுதான பேசுனிய."

பெஞ்சில் இருந்தவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"அவன் பொய் சொன்னான். சரி. நீங்க நெசத்தச் சொன்னிய. அதை உள்ள கூப்பிட்டுச் சொன்னா என்ன? அவன் காதுல சொன்னா நெசம் கொறஞ்சா போயிரும்? எனக்கு ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. மூணாவது ஓலைய நீங்க வாசிச்சிட்டிய, இந்தக் கூட்டத்துல. உங்களுக்குக் கோவம் வந்தா ஊருக்கே கேக்கணும், என்ன? நீங்க பிள்ளையளை நீங்க, வாங்கன்னு சொல்லுவியளாம், எல்லாரும் பெருமையாச் சொல்லுதாங்க. பிள்ளைய வளக்கிறவ மனுசி இல்லியா?"

டாக்டரம்மாவை யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. என் வாசலில் வந்து நின்றேன். அவர் கையில் இடுக்கியைப் பிடித்தபடி நின்றார். வாய் மூடியிருந்தது.

"பேசி முடிச்சிட்டியா?" என்று கேட்டார் கடைசியில்.

"இல்ல. இன்னொண்ணு இருக்கு. எங்க அண்ணனுக்கு இருந்திச்சு. எங்க ஆத்தா சாவுததுக்கு முன்னால எங்கிட்ட சொல்லிருக்கா. வத்திப் போனதையும் சொல்லிருக்கா. எனக்குக் கல்யாணம்தான் போச்சு. இதுக்குத் தாடையாவது மிஞ்சட்டும். கெளம்புங்க மதுரைக்கு. அந்த டாக்டர்ட்ட நான் சொல்லுதேன்."

டாக்டரம்மா இடுக்கியைத் தட்டில் போட்டார். காத்திருந்தவர்களைப் பார்த்து, "எல்லாரும் நாளன்னைக்கு வாங்க" என்றார். ஷூவின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

மதுரையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. அந்தப் பெரிய டாக்டர் தங்கை சொன்னதை முழுக்கக் கேட்டாராம். எத்தனை வயதில் வந்தது, எப்போது வற்றியது என்று திருப்பித் திருப்பி விசாரித்தாராம். எக்ஸ்ரேயை மறுபடி பார்த்துவிட்டு, "இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் தேதியே குறித்திருக்க மாட்டேன்" என்றாராம். மறுநாள் எலும்பில் சின்னத் துணுக்கு மட்டும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு டாக்டரம்மா சொன்னபடியே வந்தது. விஷயம் தெரிந்து பின்னாலேயே மதுரைக்கு ஓடிவந்த தண்டல், ஆஸ்பத்திரி வராந்தாவில் பிள்ளை அத்தை மடியில் சாய்ந்து ஆறிய பால் குடிப்பதைப் பார்த்தான். கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்துகொண்டான். டாக்டரம்மா எனக்கு இதையெல்லாம் சொன்னபோது அதிகம் திட்டியது, மதுரையில் தன்னைச் சாயங்காலம் வரை பெஞ்சில் காக்க வைத்ததைத்தான்.

திரும்பி வந்த வாரம் ஆசாரியைக் கூப்பிட்டு அந்த வாசலுக்குக் கதவு போட்டார். அதற்குப் பிறகும் திட்டினார். என்ன திட்டுகிறார் என்பது மட்டும் வெளியே காத்திருந்தவர்களுக்குப் புரியாமல் போனது.

வைத்தியம் என்று பார்த்தால், அடுத்த வருஷங்களில் அவர் செய்தது அந்தத் தாடையைப் பிறர் கையிலிருந்து காப்பாற்றியதுதான். வீக்கம் பின்னும் வளர்ந்தது. வளர வளர ஏதாவது செய்யுங்கள் என்று எல்லோரும் வந்தார்கள். ஒருவர் பற்றுப் போட்டார். ஒருவர் சூடு வைக்கக் கம்பியைக் காய்ச்சும்போது அத்தை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். டாக்டரம்மா குறுக்கே முளைத்த பல் ஒன்றை மட்டும் எடுத்தார். எக்ஸ்ரே எடுத்தார். காத்திருந்தார். அவரைப் போல ஒரு பொறுமையில்லாத மனுஷிக்கு அது எப்பேர்ப்பட்ட வேலை என்பதை நான் பக்கத்து அறையிலிருந்து பார்த்தேன்.

ஒரு வருஷம் திருவிழாவுக்குப் பிள்ளையைச் சம்மனசாக நிறுத்தக் கேட்கிறார்கள் என்று தண்டல் தயங்கிக்கொண்டே வந்து சொன்னான். வெடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பிள்ளையிடம் கேட்டார்: "உங்களுக்கு இஷ்டமா?"

"றெக்கை முதுகுல குத்தும்" என்றது பிள்ளை.

"அப்ப வேண்டாம். கேட்டியாலே? குத்துமாம்."

நான் தூத்துக்குடியை விட்டு மாற்றலாகிப் போகும்போது அவளுக்குப் பத்து வயதுக்கு மேல். வளர்ச்சி நின்றிருந்தது. கன்னம் கொஞ்சம் இறங்கிக் கண்கள் நேராகப் பார்க்க ஆரம்பித்திருந்தன.

ஆனால் நான் அந்த டாக்டரம்மாவை நினைக்கும்போது நினைவுக்கு வருவது இது எதுவும் அல்ல. மதுரையிலிருந்து வந்த சில வாரங்களில் நடந்த ஒரு காரியம்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் எங்கள் பத்திரிகையின் ஆறுமுகநேரி ஏஜெண்ட். அதைத் தெரிந்துகொண்ட டாக்டரம்மா, "வா, அந்த வீட்டுக்குப் போவோம்" என்று என்னையும் வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் இரண்டு பக்கமும் உப்பு குவிந்து கிடந்தது. அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மரியாதையான வீடு. மாப்பிள்ளையின் தாயார் கலர் சோடா வாங்கி வரச் சொன்னார். மாப்பிள்ளை உள்வாசலில் நின்றான்.

"எங்களுக்கு அந்தப் பிள்ளை மேல ஒரு கொறையும் இல்ல, டாக்டரம்மா. குணமான பிள்ளை," என்றார் தாயார். "நீங்க படிச்சவிய. உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. அவளுக்குப் பொறக்குத பிள்ளைக்கு இது வராதுன்னு. வர்ற ஞாயித்துக்கெழமையே மூணாவது ஓலைய வாசிக்கச் சொல்லுதேன்."

அந்த அம்மாள் அதை முழுமனதாகச் சொன்னார். எங்களுக்கு முன்னால் அந்தக் கல்யாணம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

"அந்தப் பொண்ணுக்கு இது வந்ததே இல்ல" என்றார் டாக்டரம்மா.

"சரி. பிள்ளைக்கு?"

மாப்பிள்ளை ஓரடி முன்னால் வந்தான். டாக்டரம்மா சோடா பாட்டிலைக் கீழே வைத்தார்.

"சொல்ல முடியாது. வராமப் போகலாம். வரவும் செய்யலாம். வந்தாலும் உயிருக்கு ஒண்ணும் இல்ல. தானா வத்திரும். வெட்டாம வச்சிருந்தாப் போதும்."

"வரவும் செய்யலாம்" என்றார் தாயார். மற்றது எதுவும் அவர் காதில் விழவில்லை. "சோடா சூடாவுதுல்லா, குடிங்க."

டாக்டரம்மா எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். "உன் மகனுக்கு முன்பல்லு ரெண்டும் வெளிய நிக்கு. உனக்கும் நிக்கு. அதுவும் வம்சம்தான். அதுக்கு எந்த ஓலைய நிறுத்துன?"

காரில் ஏறியதும் நான் மெதுவாகச் சொன்னேன், ஒரு வார்த்தைதானே, வராது என்று சொல்லியிருக்கலாமே என்று. அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. டிரைவரிடம், "புன்னைக்காயலுக்குத் திருப்பு" என்றார்.

தங்கை வீட்டுக்குப் பின்னால் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா நின்றபடியே, போனது, கேட்டது, சொன்னது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் கை நிற்காமல் பிள்ளையின் தலைக்கு அரப்புத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

"ஒரு வார்த்தைதான் கேட்டாவளா?"

"ஒரு வார்த்தைதான்."

"எங்க அண்ணன் எனக்காவ அந்த வார்த்தைய ரெண்டு ஆஸ்பத்திரில சொன்னான்."

"அதுலதான் இவங்க தாடை போகப் பாத்துது."

"தெரியும். அதனாலதான நான் படியேறி வந்தேன்." தண்ணீரை மொண்டு ஊற்றினாள். பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. "நீங்க சொன்னது தப்புன்னு நான் சொல்லல. ஆனா உங்க மேல எனக்குள்ள கோவம் போவாது, டாக்டரம்மா."

"போக வேண்டாம்" என்றார்.

அவள் பிள்ளையைத் துவட்டித் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த எக்ஸ்ரே போட்டோ எடுக்க எப்பக் கூட்டிட்டு வரணும்?"

"நாளைக்கே வா. கஞ்சி குடுத்துக் கூட்டிட்டு வா."

மறுநாள் காலை நான் அலுவலகத்தைத் திறக்கும்போது அத்தையும் பிள்ளையும் படிக்கட்டில் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்கள்.